நான்கு மணி நேரத் தூரம்

2024ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை மாலை ஏழரை மணி. ஜொகூர் மாநிலம் கூலாயில் உள்ள ஒரு வீட்டில் கைப்பேசி ஒலித்தது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டம், துறையூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து அந்த அழைப்பு வந்தது. “அத்தை, அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார்” என்றது மறுமுனைக் குரல். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

கைப்பேசியைப் பிடித்திருந்த பாட்டிக்கு எண்பது வயது. இறந்தவர் அவருடைய ஒரே தம்பி. பாட்டி அழவில்லை. சற்று நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எப்போது எடுக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இறுதிச் சடங்கு என்று தம்பி மகன் சொன்னார்.

நான்காம் படிவத்தில் படிக்கும் பேத்தி உடனே மடிக்கணினியைத் திறந்தாள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் உண்டா என்று தேடினாள். மறுநாள் காலை 8.00 மணிக்குப் புறப்படும் விமானம் ஒன்று 9.30 மணிக்குத் திருச்சியை அடைவதாகத் திரையில் தெரிந்தது.

“பாட்டி, ஒன்றரை மணி நேரம்தான்! இருக்கைகூட இருக்கிறது. நாளைக்கு மதியத்துக்குள் போய்விடலாம்” என்றாள் பேத்தி.

பாட்டியின் முகத்தில் சிறிது தெளிவு வந்தது. அறைக்குள் சென்று பெட்டியைத் திறந்தார். தம்பிக்கென்று எப்போதோ ஜொகூர் பாருவில் வாங்கி வைத்திருந்த ஒரு வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்த அப்பா செய்தியைக் கேட்டுத் திகைத்து நின்றார். இறந்தவர் அவருக்குத் தாய்மாமன். பிறகு திரையைப் பார்த்து மகளின் கணக்கைத் திருத்தினார். “பயணச்சீட்டில் புறப்படும் நேரம் மலேசிய நேரம். போய்ச் சேரும் நேரம் இந்திய நேரம். இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை 9.30 என்றால் இங்கே நண்பகல் 12.00. ஆகவே பயண நேரம் ஒன்றரை மணியன்று, நான்கு மணி” என்றார்.

“முன்பெல்லாம் இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம்?” என்று பாட்டி அறையிலிருந்தே கேட்டார்.

பாட்டி சொன்னது சரிதான். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. நாடு முழுவதும் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தையே பின்பற்ற வேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்யப்பட்டது. இரு நாடுகளுக்கும் இடையே தூரம் மாறவில்லை. ஆனால் ஒரே இரவில் நேர வேறுபாடு இரண்டு மணியிலிருந்து இரண்டரை மணியாகிவிட்டது.

சூரியனை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. கூலாய்க்கும் துறையூருக்கும் இடையே தீர்க்கரேகையில் 25 பாகை வேறுபாடு உள்ளது. எனவே கூலாயில் சூரியன் உச்சிக்கு வந்து ஒரு மணி 40 நிமிடம் கழித்துத்தான் துறையூரில் உச்சிக்கு வரும். எஞ்சிய 50 நிமிடம் நாடுகள் தம் வசதிக்காக வைத்துக்கொண்ட கடிகார நேரத்தால் வருவது.

“சரி, நான்கு மணி நேரம் என்றாலும் போய்விடலாமே, அப்பா” என்றாள் பேத்தி. ஆனால் அந்த நான்கு மணி நேரம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்துதான் தொடங்குகிறது. கூலாயிலிருந்து அன்று.

கூலாய்க்குப் பத்து நிமிடத் தொலைவில்தான் செனாய் விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து திருச்சிக்கு வான்வழியில் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 2,940 கிலோமீட்டர். ஆனால் அவர்கள் தேடிய நாள்களில் அங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இல்லை. ஆகவே மூன்று வழிகளை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் வழி, செனாயிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்து, அங்கே வேறு விமானம் மாறுவது. பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணிதான். ஆனால் இரண்டு விமானங்களின் நேரமும் ஒத்துவர வேண்டும். இரண்டாவது, நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் காரில் சென்று கோலாலம்பூரில் விமானம் ஏறுவது. அங்கிருந்து திருச்சி ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். மூன்றாவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து செல்வது. அங்கிருந்து திருச்சி ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். வரைபடத்தில் சாங்கி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இடையில் ஜொகூர் கடற்பாலம் உண்டு. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நெரிசல் மிகுந்த நாள்களில் இரு பக்கக் குடிநுழைவுச் சோதனையையும் முடித்துப் பாலத்தைக் கடக்க ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு விமானம் 800 கிலோமீட்டருக்கு மேல் பறந்திருக்கும்.

“இரவே காரில் புறப்பட்டால் காலை விமானத்தைப் பிடிக்கலாம்” என்று அப்பா முடிவு செய்தார். “அம்மா, கடப்பிதழ் எங்கே?” என்று கேட்டபடி அலமாரியைத் திறந்தார்.

பாட்டியின் கடப்பிதழ் கிடைத்தது. ஆனால் அது காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீட்டில் யாரும் பேசவில்லை. புதிய கடப்பிதழ் எடுக்கக் குடிநுழைவு அலுவலகம் செல்ல வேண்டும். ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் அது சனி, ஞாயிறு என்று மாற்றப்பட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை வரை அலுவலகம் திறக்காது. கடப்பிதழ் கிடைத்தாலும் இந்தியாவுக்குள் நுழைய விசா வேண்டும். அதற்கும் சில நாள்கள் ஆகும். நான்கு மணி நேரத் தூரத்தை அன்றிரவு கடக்க வழியே இல்லை.

பாட்டி அதைக் கேட்டுத் தலையசைத்தார். மடியில் இருந்த வேட்டியை மறுபடியும் மடித்தார்.

மறுநாள் பிற்பகல் இரண்டரை மணிக்குக் காணொலி அழைப்பு வந்தது. அங்கே நண்பகல் பன்னிரண்டு. தம்பி மகனின் மகன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். பறையொலி விட்டு விட்டுக் கேட்டது. படம் சில வேளை அசையாமல் நின்றது. கூலாயில் வரவேற்பறைத் தரையில் அமர்ந்து பாட்டி தம்பியின் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டித் திரையைத் தொட்டார். தொட்டதும் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. பேத்தி பதற்றத்துடன் மீண்டும் அழைத்தாள். மறுபடி இணைப்புக் கிடைத்தபோது ஊர்வலம் தெருமுனையைக் கடந்திருந்தது. பாட்டி எழுந்து சென்று தலை முழுகினார்.

அன்றிரவு பேத்தி பாட்டியின் அருகில் படுத்துக்கொண்டாள். இருவருக்கும் தூக்கம் வரவில்லை. “திருச்சி தாத்தாவை நீங்கள் முதன்முதலில் எப்போது பிரிந்தீர்கள்?” என்று கேட்டாள்.

“1952இல். எனக்கு எட்டு வயது, அவனுக்கு ஐந்து” என்று பாட்டி சொல்லத் தொடங்கினார். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்கு வந்த பாட்டியின் அப்பா, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டார். மகனை மட்டும் ஊரில் அம்மாயியிடம் விட்டு வந்தார். இரண்டு ஆண்டுகளில் அவனையும் அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். ஆனால் அது நடக்கவில்லை.

அவர்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமான ரஜூலா 1926ஆம் ஆண்டு கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து அது பல்லாண்டுகள் ஓடியது. இன்று கிள்ளான் துறைமுகம் என்று அழைக்கப்படும் இடமே அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. ஆகவே ரஜூலா கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று அதில் ஏறுவார்கள். கரையில் அம்மாயியின் இடுப்பில் இருந்த தம்பி, கடைசிப் படகு போகும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவ்வளவுதான் பாட்டிக்கு நினைவிருக்கிறது.

பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துத்தான் பயணம் செய்தார்கள். கப்பல் மணிக்கு 12, 13 கடல் மைல் வேகத்தில் சென்றது. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 24 கிலோமீட்டர். இன்றைய விமானத்தின் வேகம் அதைப்போல் முப்பத்தைந்து மடங்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1962இல், தம்பியை வளர்த்த அம்மாயி இறந்துபோனார். நான்கு ஓரங்களிலும் கறுப்பு மை தடவிய கடிதம் தோட்டத்துக்கு வந்தது. தபாற்காரர் அதை நீட்டியபோதே பாட்டியின் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கடிதம் வந்து சேர்ந்த நாளில் ஊரில் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. லயத்துக் குழாயடியில் அவர் தலை முழுகினார். மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் மரம் வெட்டப் போனார். கப்பலுக்குப் பணமும் இல்லை. போனாலும் பார்ப்பதற்கு யாரும் இல்லை.

பாட்டி தம்பியை மீண்டும் பார்த்தது 1979ஆம் ஆண்டில்தான். மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, சிங்கப்பூரில் சிதம்பரம் கப்பலில் ஏறினார்கள். ரஜூலாவுக்குப் பின் இந்தக் கடல்வழியில் ஓடிய கப்பல் அது. சென்னைத் துறைமுகத்தில் ஒருவர் கையில் ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு, இறங்கும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் தம்பி என்று பாட்டிக்குத் தெரியவில்லை. பாட்டிதான் அக்கா என்று அவருக்கும் தெரியவில்லை. இடையில் இருபத்தேழு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. “பிறகு இரண்டு மாதம் அவன் வீட்டில் இருந்தோம். இருபத்தேழு வருடத்துப் பேச்சையும் பேசித் தீர்த்தோம்” என்றார் பாட்டி.

1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீ விபத்து ஏற்பட்டுப் பலர் இறந்தனர். அதோடு இந்தக் கடல்வழியில் அந்தப் பயணிகள் சேவை முடிந்தது. அதற்குப் பிறகு பாட்டி போனதெல்லாம் விமானத்தில்தான். 1998இல் ஒருமுறை, 2016இல் ஒருமுறை.

“விமானம் வந்த பிறகு ஏன் பாட்டி அடிக்கடி போகவில்லை?” என்று பேத்தி கேட்டாள்.

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. “கப்பல் காலத்தில் போக வழி இல்லை, கண்ணு. அதனால் போக வேண்டும் போக வேண்டும் என்று ஏங்கினோம். விமானம் வந்த பிறகு, நினைத்தால் போகலாம் என்று இருந்துவிட்டோம். நினைத்துக்கொண்டே எட்டு வருடம் போய்விட்டது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பா பாட்டியை அழைத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகம் சென்றார். அன்றே புதிய கடப்பிதழ் கிடைத்தது. பிற்பகலில் இருவருக்கும் இணையம்வழி விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். பள்ளியில் தேர்வு இருந்ததால் பேத்தி போக முடியாது.

காத்திருந்த நாள்களில் பேத்திக்கு ஒரு கேள்வி தோன்றியது. பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,690 கிலோமீட்டரை 830ஆல் வகுத்தால் மூன்றேகால் மணி நேரம்கூட இல்லை. பிறகு பயணச்சீட்டில் நான்கு மணி நேரம் என்று ஏன் போட்டிருக்கிறார்கள்? மறுநாள் வகுப்பில் புவியியல் ஆசிரியரிடம் கேட்டாள்.

ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். பயணச்சீட்டில் உள்ள நேரம், விமானம் தன் நிறுத்தத்தை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, அடுத்த நிலையத்தின் நிறுத்தத்தில் வந்து நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், மெல்ல மேலேறுவதும், வேகத்தைக் குறைத்து இறங்குவதும் அதில் அடங்கும். அதோடு விமானங்கள் வானில் நேர்கோட்டில் செல்வதில்லை. அவற்றுக்கென்று வகுக்கப்பட்ட வழிகள் உண்டு. புயலையும், போர் நடக்கும் நாடுகளின் வான்வெளியையும் அவை சுற்றித்தான் செல்ல வேண்டும்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் காற்றுதான் பயணத்துக்கு நாள் குறித்தது. வடகிழக்குப் பருவக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் மாறி வீசும்வரை வணிகர்கள் அயல்நாட்டுத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நீராவிக் கப்பல் அந்தக் காத்திருப்பை நீக்கியது. ஆனால் ஜெட் விமானமும் காற்றின் பிடியிலிருந்து முற்றிலும் விடுபடவில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளியுள்ள பகுதிகளில், மிக உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் வீசுகிறது. கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் தூரம் ஒன்றேயானாலும், திரும்பும் பயணம் பெரும்பாலும் விரைவில் முடிந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பறக்கும் திருச்சி விமானத்துக்கு அந்த வேறுபாடு குறைவு.

“1930களில் இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் வரவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வழியில் பல இடங்களில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, இரவில் தங்கி வருவார்கள். இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டரையும் எங்கும் இறங்காமல் 18 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்து கடந்துவிடுகிறார்கள்” என்றார் ஆசிரியர். பிறகு, “உன் பாட்டி போய்விட்டார்களா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை, ஐயா. விசாவுக்காகக் காத்திருக்கிறோம்.”

புதன்கிழமை விசா வந்தது. வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பாட்டியும் அப்பாவும் கூலாயிலிருந்து காரில் புறப்பட்டார்கள். ஐந்து மணிக்குக் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை அடைந்தார்கள். இரவு எட்டரை மணிக்கு விமானம் கிளம்பியது.

வீட்டில் பேத்தி விமானங்களின் போக்கைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்திருந்தாள். சிறிய மஞ்சள் விமானம் ஒன்று திரையில் மெல்ல நகர்ந்தது. மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்திராவின் வடமுனைப் பக்கமாகச் சென்று, வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. அதன் பிறகு வெகுநேரம் நீலம் மட்டுமே தெரிந்தது. பேத்தி பாடநூலைப் படிப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். நள்ளிரவு நெருங்கியபோது விமானம் தமிழ்நாட்டுக் கரையை எட்டியது. அந்த இடத்தின் அருகே வரைபடத்தில் ஒரு பெயர் இருந்தது: நாகப்பட்டினம். எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டு வயதுப் பாட்டி படகில் ஏறிய கரை அது. ரஜூலா வந்த கடலின்மேல்தான் இந்த விமானமும் போயிருக்கிறது.

மலேசிய நேரம் அதிகாலை மூன்று மணிக்கு அப்பாவிடமிருந்து செய்தி வந்தது: “வீடு வந்து சேர்ந்தோம். பாட்டி நலம்.” அங்கே அப்போது நள்ளிரவு தாண்டி அரை மணி. பேத்தி அதுவரை தூங்கவில்லை.

மறுநாள் அவள் தன் குறிப்பேட்டில் கணக்குப் போட்டாள். கூலாய் வீட்டு வாசலிலிருந்து துறையூர்ப் பக்கத்து வீட்டு வாசல்வரை 14 மணி நேரம். அதில் விமானத்துக்கு 4 மணி நேரம். எஞ்சிய 10 மணி நேரம் சாலைக்கும், வரிசைகளுக்கும், காத்திருப்புக்கும். பிறகு, தொலைபேசி அழைப்பு வந்த நேரத்திலிருந்து எண்ணிப் பார்த்தாள். வியாழன் மாலையிலிருந்து அடுத்த வெள்ளி விடியற்காலை வரை ஏழு நாள்களும் ஏழரை மணி நேரமும். எழுதியதை மறுபடி பார்த்தாள். ரஜூலா கடலில் ஓடியதும் ஏறத்தாழ அத்தனை நாள்கள்தான்.

பதினாறாம் நாள் காரியம் வரை பாட்டி அங்கே தங்கினார். தம்பியின் படத்துக்கு முன்னால் அந்த வேட்டியை வைத்தார். அடுத்தவர் வைத்தவை எல்லாம் புதிய மடிப்போடு இருந்தன. பாட்டியின் வேட்டி மட்டும் பலமுறை மடித்ததால் ஓரத்தில் சற்று மங்கியிருந்தது. அதைத் தம்பி மகன் பிறகு கேட்டு எடுத்துக்கொண்டதாக அப்பா தொலைபேசியில் சொன்னார். ஒவ்வொரு மாலையும் தம்பி மனைவியும் பாட்டியும் திண்ணையில் அமர்ந்து பேசினார்கள். தம்பி கடைசிக் காலத்தில் என்ன சாப்பிட்டார், யாரைக் கேட்டார், எங்கே வலித்தது என்றெல்லாம் பாட்டி கேட்டுத் தெரிந்துகொண்டார். இவற்றைக் கைப்பேசியில் யாரும் சொல்லியிருக்கவில்லை. இவரும் கேட்டிருக்கவில்லை.

திரும்பி வந்த அன்று பாட்டி களைத்திருந்தார். பெட்டியைத் திறந்து, துறையூர்ச் சந்தையில் வாங்கிய கடலை மிட்டாயைப் பேத்தியிடம் கொடுத்தார். “தம்பி மனைவிக்கு முழங்கால் வலி. இனிமேல் அவளால் நடமாட முடியாது. பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்” என்றார்.

“எந்தப் பொங்கலுக்கு, பாட்டி?”

“வருகிற பொங்கலுக்குத்தான்.”

பேத்தி வீட்டிலிருந்த எல்லாருடைய கடப்பிதழ்களையும் எடுத்து வந்தாள். ஒவ்வொன்றும் காலாவதியாகும் நாளைப் பார்த்து, சமையலறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினாள். அப்பாவின் கடப்பிதழுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது. அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து, தை மாதத்துக்கான விமானங்களைத் தேடத் தொடங்கினாள். இம்முறை புறப்படும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘மலேசியா’ என்றும், சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘இந்தியா’ என்றும் எழுதிக்கொண்டாள்.